அலை இல்லாத ஊரில் அலைச்சறுக்குத் திட்டம்

மே 15, வியாழன் — காரைக்குடி

எட்டடிப் பலகையோடு ரயில் ஏறினால் நிம்மதியாக உட்கார முடியாது. எழும்பூரில் தொடங்கிய விசாரணை நேற்று இரவு காரைக்குடியில் இறங்கும்வரை ஓயவில்லை. "என்ன தம்பி இது, கதவா?" என்றார் ஒருவர். கல்யாண மண்டபத்துப் பந்திப் பலகை என்று இன்னொருவர் அடித்துச் சொன்னார். கடலில் அலைமேல் நின்றுகொண்டு போவதற்கு என்று சொன்னதும், "காரைக்குடியிலே ஏது கடல்?" என்று பெட்டியே கேட்டது. மேல்தட்டில் நிற்கவில்லை, இருக்கைக்கு அடியிலும் போகவில்லை. டி.டி.ஆர். வந்து தட்டிப் பார்த்துவிட்டு, லக்கேஜில் போட்டிருக்கணும் என்று முணுமுணுத்தபடி கதவோரமாகச் சாத்தி வைக்கச் சொன்னார். விழுப்புரம் தாண்டியதும் யாரோ அதைக் கீழே கிடத்த, இரண்டு பிள்ளைகள் அதன்மேல் சம்மணம் போட்டுத் தயிர்சாதம் சாப்பிட்டன. அந்தக் கறை இன்னும் போகவில்லை.

விஷயம் இதுதான். கல்லூரியில் ஒன்றாகப் படித்த மூன்று பேர், ஜூலையில் இலங்கைக்குப் போய் அலைச்சறுக்கு ஆடவேண்டும் என்று வாட்ஸப்பில் பேசிப் பேசியே காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறோம். நான் சென்னை. கோவளத்தில் மீனவ இளைஞர்களிடம் கற்றுக்கொண்டு, கிடைக்கிற அலைகளில் பாதியிலாவது எழுந்து நிற்கிற நிலைக்கு வந்திருக்கிறேன். மதுரைக்காரன் தண்ணீர் என்று பார்த்தது வைகையைத்தான், அதுவும் அழகர் இறங்குகிற நாளில். மூன்றாமவன் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தேவகோட்டைப் பையன். பெரியப்பச்சியின், அதாவது பெரியப்பாவின், அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தவன் இன்னும் சில நாள் ஊரில் இருக்கிறான். மூன்று பேரும் நேரில் உட்கார்ந்து பேச இதைவிட்டால் நாள் கிடையாது. பலகையைத் தூக்கிவரச் சொன்னதும் அவன்தான். விமானத்தில் சொந்தப் பலகையைக் கொண்டுபோவதா, போன இடத்தில் வாடகைக்கு எடுப்பதா என்று பார்த்து முடிவெடுக்கலாமாம்.

அக்னி நட்சத்திரத்தில் காரைக்குடிக்கு வருவது புத்திசாலிகள் செய்யும் காரியம் இல்லை. பத்தரைக்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்துவிட்டது. பழைய பொருள் கடைகளில் மட்டும் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எனாமல் தூக்குவாளி, பர்மாத் தேக்குத் தூண், அரக்குப் பெட்டி, யாருடைய தாத்தாவென்று தெரியாத புகைப்படங்கள். ஒரு தூக்குவாளிக்கு 1,800 ரூபாய் சொன்னார் கடைக்காரர். பேரம் பேசலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவர் கண் ஆட்டோவின் கூரையில் கட்டியிருந்த பலகைமேல் போய்விட்டது. வெளியே வந்து விரலால் சுண்டிப் பார்த்தார். தேக்கு இல்லை என்று தெரிந்ததும் முகம் விழுந்துவிட்டது.

மதியம் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. இலைச் சாப்பாடு 160, நாட்டுக்கோழி மிளகு வறுவல் தனியாக 220. விலையைவிட, பரிமாறிய பெரியவரின் தோரணைதான் நினைவில் நிற்கிறது. மதுரைக்காரன் ரசத்துக்கு முன்பே மோர் கேட்டான். "அது வரும். வர்ற வரிசையிலே வரும்" என்றார். அதற்கப்புறம் அவன் எதையும் கேட்கவில்லை.

சாயங்காலம் தேவகோட்டைக்குக் கிளம்பினோம்.

மே 16, வெள்ளி — தேவகோட்டை

நண்பனின் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பு, வளவு என்கிற திறந்த நடுமுற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கிறது. வளவைச் சுற்றிப் பங்காளிகளுக்கு ஆளுக்கு ஓர் அறை, எல்லாவற்றிலும் பூட்டு. அவர்களில் பலர் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். அத்தனை அறைச் சாவியும் ஓர் இரும்பு வளையத்தில் கோத்து அப்பத்தாவின் இடுப்பில் தொங்குகிறது. வீடு தரையிலிருந்து நல்ல உயரத்தில் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டபோது அங்கிருந்து கிளம்பியவர்கள் நகரத்தார், அந்தப் பயத்தில்தான் கடலே இல்லாத இந்தச் சீமையிலும் வீட்டை மேடாகக் கட்டினார்கள் என்று இங்கே சொல்வார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குள் நாங்கள் அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு நுழைந்தோம்.

காலையில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும். ஓரம் மொறுமொறுவென்றும் நடுவில் பஞ்சாகவும் இருக்கவேண்டும் என்பது கணக்கு. அப்பத்தா முதல் ஈட்டைப் பார்த்துவிட்டு, "மாவு இன்னும் கொஞ்சம் தளரணும்" என்று உள்ளே குரல் கொடுத்தார். எனக்கு அந்த முதல் ஈடே போதும்போல் இருந்தது. கலியாணத்துக்குச் செய்த மனகோலமும் தேன்குழலும் சீப்புச் சீடையும் இன்னும் டின் டின்னாக இருக்கின்றன. எந்த டின்னைத் திறந்தாலும் யாராவது தட்டோடு வந்து நிற்கிறார்கள்.

பதினொரு மணிக்கு வம்பு வந்தது. சிங்கப்பூர்க்காரன் பலகையை வளவில் தூணோரம் சாய்த்து வைத்திருந்தான். வைத்தபோது நிழல். நாங்கள் பட்டாலையில் உட்கார்ந்து லேப்டாப்பில் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க, வெயில் நகர்ந்து பலகைமேல் ஏறிவிட்டது. கால் வழுக்காமல் இருக்கப் பலகையில் மெழுகு தேய்த்திருப்போம். வெப்பக் கடலுக்கென்றே கெட்டியாகச் செய்த மெழுகுதான், ஆனால் தேவகோட்டை வெயிலை அதைச் செய்தவன் கண்டானா? வழிந்து ஆத்தங்குடிக் கல்லில் சொட்டி, சிவப்பும் பச்சையுமான பூவேலைமேல் வெள்ளையாக உறைந்து நின்றது. வேலைக்கு வரும் அக்காதான் முதலில் பார்த்தார். அவர் போட்ட சத்தத்தில் மூன்று அறைக்கதவு திறந்தது.

நண்பன் கத்தியால் சுரண்டப் போனான். அப்பத்தா அவன் கையைத் தட்டிவிட்டார். "கண்ணாடியிலே வார்த்த கல்லுடா அது. சுரண்டினே, போச்சு." ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடுவது இல்லை. கண்ணாடிமேல் வண்ணச் சாந்தை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்துக்கு வந்துவிடும். அதில் கத்தி பட்டால் தழும்பு போகாது. அப்பத்தா ஒரு கிண்ணம் தேங்காய் எண்ணெயும் பழைய வேட்டித் துணியும் கொண்டுவரச் சொன்னார். எண்ணெய் பட்டதும் மெழுகு இளகி, துணியோடு வந்துவிட்டது. கோவளத்திலும் பழைய மெழுகை எடுக்கத் தேங்காய் எண்ணெய்தான் போடுவார்கள். தரை முன்பைவிடப் பளபளத்தது. மிச்ச வளவையும் அப்படியே துடைத்துவிடு என்று பேரனிடம் துணியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அவன் துடைத்த நேரத்தில் மதுரைக்காரனுக்கு ஊஞ்சல் பலகையில் பயிற்சி கொடுத்தேன். குப்புறப் படுத்து, இரண்டு கையையும் நெஞ்சோரம் ஊன்றி, ஒரே மூச்சில் எழுந்து பக்கவாட்டில் நிற்க வேண்டும். பார்வை காலில் இருக்கக்கூடாது, போகிற திசையில் இருக்கவேண்டும். நிற்கிற ஊஞ்சலில் செய்துவிட்டான். லேசாக ஆட்டிவிட்டதும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். கடலில் சங்கிலி கிடையாது என்று சொன்னேன்.

அப்புறம்தான் ஐயா வந்தார். நண்பனின் அப்பச்சியைப் பெற்றவர், வயது எண்பத்தைந்துக்கு மேல். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் பூதக்கண்ணாடி. நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். சிங்கப்பூர்க்காரனின் அட்டவணையில் போகிற இடம் 'வெலிகம' என்று இருந்தது. இலங்கையின் தென்கரை, மணல் அடித்தளம், புதியவர்களுக்கு நல்லது, கொழும்பிலிருந்து நெடுஞ்சாலையில் சீக்கிரம் போய்விடலாம். அவன் சொன்னது எதுவும் பொய்யில்லை. எனக்கு அறுகம் குடாதான். கிழக்குக் கரை, அம்பாறை மாவட்டம், பொத்துவிலை ஒட்டிய சின்ன ஊர். கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், பேருந்தில் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். அதனாலேயே அவன் அசையவில்லை.

ஐயா அட்டவணையைப் பூதக்கண்ணாடியில் வரி வரியாகப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "எந்த மாசம்?"

"ஜூலை ஐயா. ஆனிக் கடைசி, ஆடி ஆரம்பம்."

"ஆடியிலே அந்தத் தென்கரையிலே, காலி ஊர்ப் பக்கம், கடல் கலங்கிக் கிடக்கும். அங்கே போய் என்ன பண்ணுவீங்க? கார்த்திகைக்கு அப்புறம்ல அந்தப் பக்கம் தெளியும்."

அவனுக்குப் பேச்சு வரவில்லை. அலைச்சறுக்கு வலைத்தளங்கள் படம் போட்டு விளக்குவதும் இதையேதான். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தென்கரையின் முகத்தில் அடித்து அலையைக் குலைத்துவிடும். அங்கே சீசன் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கிழக்கில் அப்படியே தலைகீழ். தென்துருவத்தை ஒட்டிய பெருங்கடலில் எழும் புயல்கள் அனுப்பும் நீண்ட அலைகள் ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை அறுகம் குடாவின் முனையைச் சுற்றி வளைந்து வரும். அதே தென்மேற்குக் காற்று அங்கே நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், அலையின் முகம் சட்டென்று உடையாமல் நிற்கும். ஐயாவுக்கு இந்தக் காற்றும் தெரிந்திருந்தது. "கச்சான்னு சொல்வாங்க மட்டக்களப்பிலே. மண்ணை வாரிக் கண்ணிலே போடும்" என்றார்.

அவர் பதினாறு வயதில் கொழும்புச் செட்டியார் தெருவுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் கணக்குப் பழகும் எடுபிடியாக, போனவர். மூன்று வருடக் கணக்கு முடிந்தால்தான் ஊர் திரும்பலாம். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. அதற்குச் சில வருடம் முன்பு, லீவு போட்டுவிட்டு ஒரு கூட்டத்தோடு கதிர்காமத்துக்கு நடந்திருக்கிறார். மட்டக்களப்பிலிருந்து கடலோரமாகவே தெற்கே. பொத்துவில், பாணமை, உகந்தை முருகன் கோயில், அதைத் தாண்டிக் குமணக் காடு, கும்புக்கன் ஆறு. இன்றைக்கும் திருவிழாவையொட்டி அந்தக் காட்டு வழியைச் சில நாள் திறந்துவிடுகிறார்கள்.

நான் திரையில் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அறுகம் குடா, அதற்குக் கீழே பீநட் பார்ம், அதற்கும் கீழே உகந்தை. மூன்றும் அலைச்சறுக்குக்காரர்கள் போகும் இடங்கள். ஐயா அறுகம் குடாவை ஒட்டிய உப்பங்கழிமேல் விரலை வைத்து, "இந்தக் களப்பைத் தோணியிலே தாண்டினோம். உல்லைன்னு பேரு. தென்னை மரமும் நாலு குடிசையும்தான்" என்றார். இன்றைக்கு அந்த உல்லையில்தான் விடுதியும் பலகைக் கடையும் காபிக் கடையுமாக அறுகம் குடா இருக்கிறது. 2004 சுனாமியில் ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டு, மறுபடி கட்டி எழுப்பிய ஊர்.

வெலிகம அட்டவணையிலிருந்து போனது.

மே 17, சனி — தொண்டி

அலை பார்க்காமல் என்ன திட்டம் என்று சிங்கப்பூர்க்காரன் காலையிலேயே காரை எடுத்தான். தேவகோட்டையிலிருந்து தொண்டி ஒரு மணி நேரம். வழியெல்லாம் கருவேலமும் காய்ந்த கண்மாயும். பலகை காரின் மேலே. திருவாடானையில் டீ குடிக்க நிறுத்தியபோது ஒரு சின்னப்பையன் பக்கத்தில் வந்து, "அண்ணே, இது பறக்குமா?" என்றான். பறக்காது என்றதும் போய்விட்டான்.

தொண்டிக் கடலைப் பார்த்ததும் மதுரைக்காரன் சிரித்த சிரிப்பு ஓயக் கொஞ்ச நேரம் பிடித்தது. இரவு மூடிவைத்த பால் சட்டி மாதிரி இருந்தது கடல். கரையில் விரலளவு சுருள் வந்து மணலைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. இடுப்பளவு ஆழத்துக்குப் போகவே வெகுதூரம் நடக்க வேண்டும். அலை வராததற்குக் காரணம் எதிரே இருக்கிற இலங்கைதான். தெற்கிலிருந்து வரும் அலையை அது மறித்துவிடுகிறது. மீறி வருவதும் பாக் நீரிணையின் ஆழமில்லாத தரையில் உரசியே அடங்கிவிடும். நாம் தேடுகிற அலை அந்தத் தீவின் மறுபக்கத்தில் உடைகிறது.

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டோம்.

"அலையா? இது பொம்பளைக் கடல் தம்பி. இப்படித்தான் இருக்கும். ஆம்பளைக் கடல் வேணும்னா பாம்பனுக்கு அந்தப் பக்கம் போங்க, மன்னார் வளைகுடா. அங்கேயும் காத்து பார்த்துத்தான் இறங்கணும்."

"இது எப்பவும் இப்படியேதானா?"

"யார் சொன்னா? ஐப்பசி, கார்த்திகையிலே வாடை விழுந்தா இதுவும் ஆடும். அப்போ நான் உங்களை இறங்க விடமாட்டேன்."

பலகையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அடியில் இருந்த மூன்று துடுப்பையும் தொட்டுவிட்டு, "சுக்கான் மூணா?" என்றார். கரையில் ஒருவர்கூட எங்களைப் பைத்தியம் என்று பார்க்கவில்லை. நல்ல நீச்சல் தெரியுமா என்று மட்டும் எல்லோரும் கேட்டார்கள். மதுரைக்காரன் ஒவ்வொரு முறையும் வேறு பக்கம் பார்த்தான்.

அலை இல்லாவிட்டாலும் துடுப்புப் போடப் பழகலாம் என்று அவனைப் பலகையில் படுக்கவைத்துத் தள்ளினோம். அலைச்சறுக்கில் நிற்பது கொஞ்ச நேரம், படுத்துக்கொண்டு கையால் தண்ணீரைத் தள்ளுவதுதான் மிச்சமெல்லாம். அரை மணியில் தோள் விட்டுப்போயிற்று. கீழே கடற்புல் கூட்டமாக ஆடியது. இந்தப் புல்லைத் தின்னத்தான் கடற்பசு வரும். வடக்கே தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். எங்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை. ஒரு சொறி (ஜெல்லி மீன்) மட்டும் பட்டது, அதுவும் அவன் முழங்கையில். அவன் அலறிய அலறலில் வலைக்காரர் எழுந்து வந்து, கடல்தண்ணீரையே ஊற்றி ஊற்றிக் கழுவிவிட்டார். "நல்லதண்ணி ஊத்தாதே, தேய்க்காதே. சாயங்காலம் சரியாப் போகும்." ஐம்பது ரூபாய் கொடுத்தோம். "மருந்துக்கா காசு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். படகுகளெல்லாம் வரிசையாகக் கட்டிக்கிடந்தன. நாட்டுப்படகு கொண்டுவருவதுதான் மீன், விலையும் அப்படி. சீலா கிலோ ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. கடைத்தெருவில் ஒரு பாய் கடையில் நகரை மீன் குழம்பும் நண்டு மசாலாவும் சாப்பிட்டோம். நண்டு தட்டு 250. புளி தூக்கல், தேங்காய் குறைவு, மிளகு காரம் தொண்டையில் நின்றது. அலைச்சறுக்கு என்றதும் கடைக்காரர், "போன வருசம் மாமல்லபுரத்திலே போட்டி நடந்துச்சாமே" என்றார். உலக அளவிலான போட்டி அங்கே நடந்தது 2023 ஆகஸ்டில். அலையே வராத தொண்டி வரைக்கும் அந்தச் செய்தி வந்திருக்கிறது.

மாமல்லபுரத்திலும் கோவளத்திலும் அலை இருக்கும்போது எதற்கு இலங்கை என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. கோவளத்தில் எனக்குக் கிடைக்கும் சவாரி சில விநாடிகள். அறுகம் குடாவின் மெயின் பாயிண்டில் முனையில் ஏறிய அலை, நல்ல நாளில், குடாவுக்குள் நூற்றுக்கணக்கான மீட்டர் வலப்பக்கமாக வரிசையாக உடைந்துகொண்டே போகும். ஆனால் அடியில் பாறையும் பவளமும் இருப்பதால் மதுரைக்காரனுக்கு அது ஆகாது. அவனுக்கு பேபி பாயிண்ட், விஸ்கி பாயிண்ட் என்கிற புதியவர்களுக்கான இடங்கள்தான். இதை அவரிடம் சொல்லி முடிப்பதற்குள் நான்கு பேர் சாப்பிட வந்துவிட்டார்கள். பில் 940.

இரவு பொத்துவில் விடுதிக்காரருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். "என்னத்துக்கு போர்ட் தூக்கிட்டு வாறீங்க? இங்க கிடக்குதானே" என்றார். வாடகை நாளைக்கு 1,500 முதல் 2,500 இலங்கை ரூபாய், நம் பணத்தில் சுமார் நானூறு முதல் எழுநூறு. பக்கத்தில் இருந்த ஐயா போனை வாங்கிக்கொண்டார். அவ்வளவு நேரம் தேவகோட்டைத் தமிழ் பேசியவர், "சுகமா இருக்கிறியளா? மழை தண்ணி எப்படி?" என்று ஆரம்பித்துவிட்டார். அந்தப் பக்கம் ஒரு நிமிடம் சத்தமில்லை. அப்புறம், "வாப்பா, இஞ்ச வாங்க" என்று விடுதிக்காரர் தன் தகப்பனாரைக் கூப்பிட்டார். இரண்டு கிழவர்களும் பேசிய இருபது நிமிடத்தில் அலை பற்றி ஒரு வார்த்தை இல்லை. எருமைத் தயிர் விலை, கித்துள் பாணி என்கிற கூந்தல்பனைப் பாகு, பழைய பேருந்து. கடைசியில் ஐயா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னது இரண்டு விஷயம்: சாயங்காலத்துக்கு மேல் பாணமை ரோட்டில் ஆட்டோவில் போகக்கூடாது, யானை குறுக்கே வரும். வெயில் ஏறுவதற்கு முன்னால் கடலைவிட்டு ஏறிவிடவேண்டும்.

இரண்டையும் அட்டவணையில் ஏற்றினேன்.

மே 18, ஞாயிறு — தேவகோட்டை

ஐயா ஒரு நிபந்தனை போட்டார். நீந்திக் காட்டாதவன் பேரை அட்டவணையிலிருந்து அடித்துவிட வேண்டும். ஊரணி குடிதண்ணீருக்கு, அதில் கால்கூட வைக்கக்கூடாது. கண்மாய் காய்ந்துவிட்டது. மிச்சம் ஒன்றுதான், சொந்தக்காரர் தோட்டத்துக் கிணறு.

ஆறு மணிக்கே போனோம். ஐயா நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். சிங்கப்பூர்க்காரன் படிக்கட்டிலிருந்து பாய்ந்து, அடி தொட்டு மண் எடுத்து வந்து காட்டினான். மதுரைக்காரன் ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிப் படியில் நின்று, தண்ணீர் சில்லென்று இருப்பதாகப் புகார் சொன்னான். தோட்டக்காரரின் மகள், பத்து வயசு இருக்கும், அவனைத் தாண்டிக் குதித்து மூன்று சுற்று அடித்துவிட்டு ஏறிப் போனாள். அதற்கப்புறம் இறங்கினான். அகலத்தைக் கடந்தான், கை கால் எல்லாம் கணக்கில்லாமல் போட்டு. ஐயா, "மிதக்கிறான். நீச்சல் இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார். ஜூலைக்குள் மதுரையில் நீச்சல்குளத்தில் சேர்ந்து, மூச்சு வாங்காமல் இருநூறு மீட்டர் நீந்தி வீடியோ அனுப்பவேண்டும் என்று ஏற்பாடு.

மதியத்துக்கு மேல் இடி, மின்னல், கோடை மழை. மின்சாரம் போய்விட்டது. நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் வளவுக்குள் கொட்ட, அப்பத்தா பித்தளை அண்டாக்களை வரிசையாக வைக்கச் சொன்னார். இடைப்பலகாரத்துக்குக் கந்தரப்பமும் மசாலைச் சீயமும். மழைக்கும் கந்தரப்பத்துக்கும் இடையில் திட்டம் எங்கேயும் நகரவில்லை.

மே 19, திங்கள் — தேவகோட்டை, காரைக்குடி

பலகை விவகாரத்தை ஐயா ஐந்தொகை எழுதித் தீர்த்தார். லேப்டாப்பை மூடச் சொல்லிவிட்டு, பழைய நோட்டில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. போகவரப் பலகைக்கு மட்டும் விமானத்தில் கேட்ட தொகை எட்டாயிரத்துக்கு மேல். திருச்சிக்குப் போக பெரிய வண்டி, கொழும்பிலிருந்து பேருந்தில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் வேன், வழியில் உடைந்தால் நஷ்டம். அங்கே வாடகைக்கு எடுத்தால் அதில் பாதிகூட இல்லை. தவிரவும், நாளுக்கு நாள் அலை மாறும்போது பலகையையும் மாற்றிக்கொள்ளலாம். இதை அவர் அலைச்சறுக்குத் தெரிந்து சொல்லவில்லை. "சரக்கு மலிஞ்ச ஊருக்கு யாராவது சரக்குக் கொண்டுபோவாங்களா?" என்றார். பலகை தேவகோட்டையிலேயே தங்குகிறது. எந்த அறையில் வைப்பது என்று பங்காளிகளைக் கேட்டுத்தான் அப்பத்தா சொல்வாராம்.

இப்போதைக்குத் திட்டம் இப்படி நிற்கிறது. ஜூலை இரண்டாம் வாரம் திருச்சியிலிருந்து கொழும்பு. ஒரு ராத்திரி செட்டியார் தெரு, கதிரேசன் கோயிலில் ஐயா சார்பில் ஓர் அர்ச்சனை. மறுநாள் பேருந்தில் பொத்துவில். முதல் சில நாள் பேபி பாயிண்டில் மதுரைக்காரனை நிற்கவைப்பது. அப்புறம் காலை வேளைகளில் பீநட் பார்ம். உகந்தைக்கு ஒரு நாள், கோயிலுக்கும் அலைக்கும் சேர்த்து. அப்பத்தா தருகிற பலகாரம் ஆளுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று பேசிப் பார்த்தோம், நடக்கவில்லை.

டிக்கெட் போட உட்கார்ந்தபோது ஐயா மூன்று பேர் பாஸ்போர்ட்டையும் கேட்டார். தன் பழைய பாஸை இன்னும் பெட்டகத்தில் வைத்திருக்கிறவர் அவர். என்னுடையதையும் மதுரைக்காரனுடையதையும் புரட்டிப் பார்த்துக் கீழே வைத்தார். பேரனுடையதைப் பூதக்கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்தார்.

"இது கார்த்திகையோட முடியுதே. ஆறு மாசம் பாக்கி இருக்கணும்ல?"

சிங்கப்பூர்க்காரன் முகத்தைப் பார்க்கவேண்டுமே. அட்டவணையில் எட்டு நிறத்தில் கட்டம் போட்டவன். சிங்கப்பூரில் தூதரகத்தில் புதுப்பிக்க எத்தனை நாள் ஆகும் என்று போனில் தேட ஆரம்பித்தான். டிக்கெட் போடவில்லை. என் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. காரைக்குடி ஸ்டேஷனில் கை வீசிக்கொண்டு ஏறினேன், ஒருவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. விருத்தாசலம் தாண்டும்போது அவனிடமிருந்து செய்தி வந்தது: புதன்கிழமை அப்பாயிண்ட்மெண்ட் கிடைத்துவிட்டதாம், அதற்காக இரண்டு நாள் முன்னாலேயே கிளம்புகிறானாம், அப்பத்தா கோபத்தில் டின்களை மூடி வைத்துவிட்டாராம்.